டர்பைனுக்குள் போகும் காற்றில் தண்ணீர் தெளிப்பதற்கும் காப்புரிமையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் டர்பைன் பிளான்டில் வேலை பார்ப்பவர்களும், அம்பத்தூர் பக்கம் நாசில் (தண்ணீர் தெளிக்கும் முனை), பம்ப் ஸ்கிட் (சட்டத்தில் பொருத்திய பம்ப் தொகுதி) செய்து கொடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் காப்புரிமை வேலைக்கு வந்தவன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். உங்கள் கையில் லீகல் நோட்டீஸே இருந்தால் இதைப் படித்ததோடு நிற்காமல் வக்கீலைப் பாருங்கள்.

இந்தச் சண்டை எதைப் பற்றியது?

கேஸ் டர்பைன் உறிஞ்சும் காற்றில் மிக நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்தால் காற்று குளிரும், டர்பைன் கூடுதல் மின்சாரம் தரும். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பதுதான் சண்டை. உலகம் முழுக்க எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவில் டவ் கெமிக்கல் நிறுவனத்துக்கும் மீ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. டவ் கையில் 1999-இல் வழங்கப்பட்ட இரண்டு காப்புரிமைகள் இருந்தன, மீ, ஃபாகிங் எனப்படும் இந்த நுண்துளித் தெளிப்புக்கான சாதனங்கள் செய்து விற்கும் நிறுவனம். கீழே அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் டர்பைன் சமாசாரம் கொஞ்சம் புரிந்தால்தான் வக்கீல்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கும்.

வெயில் காலத்தில் டர்பைன் ஏன் படுத்துக்கொள்கிறது?

ஒரே வேகத்தில் சுற்றும் கம்ப்ரெசர் (டர்பைனில் காற்றை இழுத்து அழுத்தும் முன்பகுதி), நொடிக்கு ஏறக்குறைய ஒரே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, ஆகவே உள்ளே போகும் காற்றின் எடை குறைகிறது, அதற்கேற்ப எரிக்க முடிகிற எரிபொருளும் வெளியே வரும் மின்சாரமும் குறைகின்றன. மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.5 முதல் 0.9 சதவீதம் வரை போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். டர்பைனின் பெயர்ப்பலகையில் இருக்கும் மெகாவாட், ஐஎஸ்ஓ நிலையில், அதாவது 15 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்தில் கணக்கிட்டது. சென்னையில் 15 டிகிரி எந்த மாதத்தில் வருகிறது சொல்லுங்கள்! பேசின் பிரிட்ஜில் இருப்பது மாதிரி ஒரு 30 மெகாவாட் டர்பைன், கத்திரி வெயில் மதியத்தில் அந்த எண்ணைத் தொடவே தொடாது.

சென்னைப் புழுக்கத்தில் இது வேலை செய்யுமா?

நியாயமான சந்தேகம். ஆவியாகிக் குளிர்விக்கும் எந்த முறையானாலும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) கீழே போக முடியாது. வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளித்தால் மதுரையில் கிடைக்கும் குளிர்ச்சி மயிலாப்பூரில் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். ஆனால் ஆட்கள் மறப்பது ஒன்று உண்டு. மே மாதத்தில் கடல்காற்று வர நேரமாகும் நாட்களில், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று காய்ந்த காற்று. 40 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை 28-க்குச் சற்றுக் கீழே வரும். அதாவது 12 டிகிரி வரை குளிர்விக்க இடம் இருக்கிறது, 30 மெகாவாட் டர்பைனில் அது சுமார் 2 மெகாவாட். நவம்பர் மழையில் 28 டிகிரி, 90 சதவீதம் என்றால் ஒன்றிரண்டு டிகிரிதான் கிடைக்கும், பம்பை ஓட்டுவதே வீண்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நொடிக்கு 130 கிலோ காற்று இழுக்கும் இயந்திரத்துக்கு அந்த மே மதியத்தில் மணிக்கு இரண்டரை டன் அளவுக்கு டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரடியாக விட்டால் உப்பு பிளேடில் படியும், சூடான பகுதிகளில் அரிப்பு வரும். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்கு லாரிக்குப் பின்னால் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டரை டன் சின்ன விஷயமாகத் தெரியாது.

ஃபாகிங், ஓவர்ஸ்ப்ரே, வெட் கம்ப்ரெஷன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வழக்கே இந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

ஃபாகிங் என்றால் காற்று பூரிதமாகும் (அதற்கு மேல் ஈரத்தை ஏற்க முடியாத நிலைக்கு வரும்) வரைக்கும் தேவையான தண்ணீரை மட்டும் தெளிப்பது. துளிகள் இன்டேக் டக்டிலேயே (காற்று உள்ளே வரும் வழியிலேயே) ஆவியாகிவிட வேண்டும், கம்ப்ரெசருக்குள் போவது குளிர்ந்த காற்று மட்டுமே. ஓவர்ஸ்ப்ரே என்றால் வேண்டுமென்றே அதைவிட அதிகம் தெளிப்பது. மிச்சத் துளிகள் கம்ப்ரெசருக்குள் நுழைந்து, அழுத்தத்தில் காற்று சூடாகச் சூடாக உள்ளேயே ஆவியாகும். அழுத்தும்போதே காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போவதால் கம்ப்ரெசருக்கு வேலை குறைகிறது. டர்பைன் பகுதி உண்டாக்கும் சக்தியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கம்ப்ரெசரே விழுங்கிவிடும் என்பதால் இந்த மிச்சம் பெரிய தொகை. காற்றின் எடையில் 1 சதவீதம் கூடுதலாகத் தெளித்தால் ஏறக்குறைய 5 சதவீத மின்சாரம் கூடுதலாக வரும் என்பது துறையில் சொல்லும் கணக்கு. இதைத்தான் வெட் கம்ப்ரெஷன் என்கிறார்கள். கவனியுங்கள், இதற்குக் காற்று காய்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, நவம்பரிலும் வேலை செய்யும். சென்னை மாதிரி கடலோர ஊர்களுக்கு அதனால்தான் ஆசை அதிகம்.

ஆசைக்கு விலை உண்டு. முதல் வரிசை பிளேடுகள் துளி அடியில் தேயும். தண்ணீர் ஒரு பக்கமாகப் போனால் கேசிங் (வெளிக்கூடு) சமமில்லாமல் குளிர்ந்து கோணும், பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இடைவெளி போய் உரசும். சர்ஜ், அதாவது கம்ப்ரெசருக்குள் காற்றோட்டம் திடீரென்று பின்னோக்கித் திரும்புவது, வரும் அபாயம் தனி. எவ்வளவு தண்ணீரை, எந்தப் படிகளில் ஏற்றி, எதை அளந்துகொண்டே விட வேண்டும் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது, காப்புரிமை எழுதுபவர்கள் வலை விரிப்பதும் இதே இடத்தில்தான்.

தண்ணீர் தெளிப்பது தாத்தா காலத்து வித்தை. அதற்கு எப்படிக் காப்புரிமை கொடுத்தார்கள்?

நியாயமான கோபம். க்ளைன்ஷ்மிட் என்பவர் கேஸ் டர்பைனில் ஈர அழுத்தத்தின் பயனைப் பற்றி 1947-லேயே கட்டுரை எழுதிவிட்டார். கம்ப்ரெசருக்குள் குளிர்விக்கும் திரவம் விடுவதைப் பற்றி ஹில் எழுதியது 1963-இல். ஜெட் விமானங்கள் ஏறும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டுத் தள்ளுசக்தியைக் கூட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம், பி-52 புறப்படும் பழைய படங்களில் கிளம்பும் கரும்புகை அதன் அடையாளம்.

ஆனால் காப்புரிமை, ‘தண்ணீர் தெளித்தால் சக்தி கூடும்’ என்ற கருத்துக்குக் கொடுப்பது கிடையாது. ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் கிளெய்ம்கள் இருக்கின்றனவே, அந்த வாக்கியங்களுக்குத்தான் உரிமை. இந்த அளவு துளி, இந்த இடத்தில் நாசில், இப்படிப் படிப்படியாக ஏற்றுவது, இதை அளந்து அதன்படி நிறுத்துவது என்று ஒவ்வொரு கிளெய்மிலும் ஒரு சேர்க்கை இருக்கும். அந்தச் சேர்க்கை முழுவதும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை போச்சு. இரண்டு மூன்று பழைய ஆவணங்களை ஒன்று சேர்த்தால் துறை தெரிந்தவனுக்கு இது சாதாரணமாகத் தோன்றும் என்று காட்டினால் புத்தாக்கப் படி போச்சு. இரண்டும் முடியாவிட்டால் கிளெய்ம் நிற்கும், உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே சார்’ என்று கொதிப்பார்கள். கிளெய்ம் பக்கத்தைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

டவ், மீ வழக்கில் கடைசியில் என்ன ஆனது?

ஃப்ளோரிடாவில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, 2003-இல் ஃபெடரல் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. மேல்முறையீட்டில் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பில் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். டவ் மொத்தமாக ஜெயித்தது என்றோ மீ மொத்தமாகத் தப்பியது என்றோ இதை வைத்துச் சொல்பவர்கள் தீர்ப்பைப் படிக்காதவர்கள்.

சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்று எடுத்துச் சொல்வது தண்ணீருக்காக இல்லை, பணத்துக்காக. டவ்வின் நஷ்டஈட்டு நிபுணரின் சாட்சியத்தை ஏற்காமல் விலக்கிவிட்டு, நஷ்டத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிக் கீழ்க்கோர்ட் கையை விரித்தது. அது தப்பு என்றது மேல்கோர்ட். மீறல் நிரூபணமானால் நியாயமான ராயல்டிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது, நிபுணர் இல்லாவிட்டாலும் பதிவில் இருக்கும் மற்ற ஆதாரங்களை ஜார்ஜியா-பசிஃபிக் வழக்கில் வகுத்த 15 அம்சங்களோடு வைத்துப் பார்த்து ஒரு தொகையைத் தீர்மானிக்க முயல வேண்டும் என்றது. எதிராளியிடம் நல்ல கணக்காளர் இல்லை, நஷ்டஈடு பூஜ்யம்தான் என்று தைரியமாக இருந்துவிட முடியாது என்று இதற்கு அர்த்தம்.

அந்த அமெரிக்கக் காப்புரிமை நம்மைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. காப்புரிமை அந்தந்த நாட்டுக்குள் மட்டும்தான். தவிர 1999-இல் வழங்கியது என்றால் விண்ணப்பித்தது அதற்கும் முன்னால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் என்ற கணக்கில் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றில் எழுதியிருப்பதை இன்று யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குப் பின்னால் கட்டுப்பாட்டு முறை, நாசில் அடுக்கு, கோட்டிங் என்று எத்தனையோ பேர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதில் இந்தியாவில் உயிரோடு இருப்பவை எவை என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் இலவசம். தேடும்போது புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், கட்டாமல் செத்துக் கிடப்பவை நிறைய.

துளி அளவு ‘20 மைக்ரானுக்குக் கீழ்’ என்று கிளெய்மில் இருந்தால், நம் துளி எவ்வளவு என்று யார் அளப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். ஃபாகிங் நாசிலை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். 0.15 மில்லிமீட்டர் போல ஒரு துளை, அதற்கு நேர் எதிரே கொக்கி மாதிரி வளைந்த ஒரு முள். 70 முதல் 140 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர் அந்த முள் நுனியில் மோதிச் சிதறி, கூம்பு மாதிரிப் புகையாக விரியும். அந்தக் கூம்பின் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வேறு அளவு. நாசில் நுனியிலிருந்து சில சென்டிமீட்டரில் அளந்தால் ஒன்று வரும், தள்ளிப் போய் அளந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருக்கும். நின்ற காற்றில் அளப்பதும் ஓடும் காற்றில் அளப்பதும் ஒன்றாகாது. அளக்கும் கருவி பெரும்பாலும் லேசர் ஒளிச்சிதறல். அது சொல்வதும் ஒரே எண் இல்லை: சாட்டர் சராசரி (துளிகளின் கொள்ளளவையும் பரப்பையும் வைத்துக் கணக்கிடும் சராசரி விட்டம்) என்று ஒன்று உண்டு, மொத்தக் கொள்ளளவில் 90 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே அடங்குகிறது என்று இன்னொன்று உண்டு, ஒரே நாசிலில் முதலாவது 12 வந்தால் இரண்டாவது 25-ஐத் தாண்டுவது சகஜம்.

ஆக ‘20 மைக்ரானுக்குக் கீழ்’ என்று மட்டும் எழுதி, எந்த எண், எங்கே அளந்தது என்று விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விளக்கும் காப்புரிமை ஆவணத்தில்) சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கிளெய்ம் தெளிவில்லாதது என்றே வாதாடலாம், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 64-இல் அதற்கு இடம் இருக்கிறது. நாசில் விற்கிறவர்களே, உங்கள் கேட்டலாக்கில் பெருமைக்காகச் சின்ன எண்ணைப் போடும் பழக்கத்தை விடுங்கள். எதிராளியின் வக்கீல் முதலில் தாக்கல் செய்வது உங்கள் கேட்டலாக்கைத்தான்.

இங்கே வழக்கு வந்தால் எங்கே நடக்கும்?

எதிர்ப்பு மனு என்றால் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகம், விண்ணப்பம் அதன் எல்லைக்குள் வந்தால். விண்ணப்பம் வெளியானதிலிருந்து வழங்கும் வரை பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கிய பிறகு என்றால் ஒரு வருடத்துக்குள், அதுவும் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும். மீறல் வழக்கில் எதிர்வாதி ‘இந்தக் காப்புரிமையே செல்லாது’ என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் அது உயர்நீதிமன்றத்துக்கு மாறிவிடும். முன்பெல்லாம் மேல்முறையீடு சென்னையில் தலைமையகம் வைத்திருந்த ஐபிஏபி-க்கு (அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்) போகும். 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு பார்க்கிறது.

இதே மாதிரி சென்னையில் நடந்த உதாரணம் ஏதாவது?

தண்ணீர் இல்லை, தீப்பொறி. பஜாஜ், டிவிஎஸ் வழக்கு. பைக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பதைப் பற்றியது. இரண்டு பிளக் என்பது பழைய யோசனை, டர்பைனில் தண்ணீர் மாதிரிதான். ஆனால் பஜாஜின் கிளெய்ம், சிலிண்டர் துளை 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை உள்ள சின்ன எஞ்சின் என்று குறுக்கிக் கட்டியிருந்தது. டிவிஎஸ் ஃபிளேம் பைக்குக்கு 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார், 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது, செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ‘வண்டியை விற்கட்டும், கணக்கு வைக்கட்டும், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள்’ என்ற தொனியில் உத்தரவு போட்டது. ஒரு வண்டியின் சீசன் முழுக்க இடைக்காலத் தடையிலேயே போய்விடக்கூடும் என்பதை அந்த வழக்கில் பார்த்தோம். டர்பைனுக்கும் அதே கதைதான், ஏப்ரலில் தடை வாங்கினால் கோடை முடிந்துவிடும்.

நாங்கள் மின்நிலையம். வாங்கிப் பொருத்தினோம், அவ்வளவுதான். எங்கள் மேல் என்ன?

பயன்படுத்துவதும் மீறல்தான், பிரிவு 48 அப்படித்தான் சொல்கிறது. முறைக்கான கிளெய்ம் என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்த முறையைத் தினமும் செய்பவர் நீங்கள், விற்றவர் இல்லை. ‘காப்புரிமை இருப்பதே தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை’ என்று நிரூபித்தால் பிரிவு 111-இன் கீழ் நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்தக் கதை செல்லாது. எனவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே, காப்புரிமை வழக்கு வந்தால் விற்பனையாளர் பொறுப்பு என்ற இன்டெம்னிட்டி வரியைப் போட்டுவிடுங்கள். அந்த வரியில் ‘இயக்கும் முறை வாங்குபவரின் பொறுப்பு’ என்று விற்பனையாளர் நைசாக ஒரு விதிவிலக்கு சேர்ப்பார், அதை அடித்துத் திருப்பி அனுப்புங்கள். ஓவர்ஸ்ப்ரே சிஸ்டத்தில் விவகாரமே அந்த இயக்கும் முறையில்தான் இருக்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

முதல் வேலை, பதில் எழுதாமல் இருங்கள், ஒரு நாள் போகட்டும். காப்புரிமை எண்ணை எடுத்து அது இந்தியக் காப்புரிமையா, உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சுதந்திரமான கிளெய்ம்களை (வேறு கிளெய்மைச் சார்ந்து எழுதப்படாதவற்றை) மட்டும் எடுத்து, ஒவ்வொரு சொற்றொடருக்கும் எதிரே உங்கள் சிஸ்டத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். ஒரு அம்சம் இல்லாவிட்டாலும் உங்கள் நிலை பலமாகிறது. உதாரணமாக, கிளெய்ம் ‘கம்ப்ரெசருக்குள் துளிகள் நுழையும்படி’ என்று சொன்னால், உங்கள் லாகில் தெளிப்பு எப்போதும் பூரித நிலைக்கு ஒரு டிகிரி முன்பே நிற்கிறது என்பதைக் காட்டுங்கள். அந்த லாகைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், டிசிஎஸ் (பிளான்ட்டின் கட்டுப்பாட்டுக் கணினி) பழைய தரவை அழித்துவிடும் முன்னால். பழைய கமிஷனிங் ரிப்போர்ட், தேதி போட்ட டிராயிங், டெலிவரி சலான் எல்லாம் சேரட்டும், அவர்களின் முன்னுரிமைத் தேதிக்கு (புதுமையைக் கணக்கிடும் முதல் விண்ணப்பத் தேதி) முன்பே இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தது என்று காட்ட இவை உதவும்.

நோட்டீஸ் வெறும் மிரட்டல் என்றால் பிரிவு 106-இன் கீழ் நீங்களே வழக்குப் போடலாம். அடிப்படையில்லாத மிரட்டலுக்கு எதிராகத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். ‘எங்களிடம் இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது’ என்று தகவல் மட்டும் சொல்லும் கடிதம் மிரட்டல் ஆகாது என்பதையும் சட்டமே சொல்கிறது, அதனால்தான் விவரமான வக்கீல்கள் அனுப்பும் முதல் கடிதம் அவ்வளவு மரியாதையாக இருக்கும்.

எங்கள் ஆள் நாசில் வரிசையை மாற்றி வைத்து டக்டில் தண்ணீர் தேங்குவதைக் குறைத்துவிட்டார். காப்புரிமை கிடைக்குமா?

கிடைக்கலாம், எழுதுகிற விதத்தில் இருக்கிறது. தெரிந்த சாதனங்களைச் சும்மா மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால் பிரிவு 3(f) கழுத்தைப் பிடிக்கும். அடுக்கை மாற்றியதால் துளிகள் டக்டில் சத்தம் குறைக்க வைத்திருக்கும் சைலன்சர் தகட்டில் மோதுவது குறைந்தது, வடிகாலில் வரும் தண்ணீர் இத்தனை லிட்டரிலிருந்து இத்தனை லிட்டராக இறங்கியது என்று அளந்து காட்டினால் வேறு கதை. வடிகால் தண்ணீரை ஒரு வாரம் வாளி வைத்து அளந்தால்கூடப் போதும், தேதியும் காற்றின் ஈரப்பதமும் குறித்திருந்தால். ஆனால் விண்ணப்பம் போடும் முன் அதை எந்தக் கருத்தரங்கிலும் பேச வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோவும் போட வேண்டாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரக்குறிப்பைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும், இடையில் ஒரு மே மாதமும் ஒரு நவம்பரும் வந்துபோகும், இரண்டு பருவத்து அளவுகளும் கையில் இருக்கும்.